பழைய ஷட்டர் டிவி, கோடு மட்டும் வருது, கொஞ்சம் அவசரம்

வெண்ணெய்மலை:
காயலான் கடைல ஒரு பழைய மரப்பெட்டி டிவி 1,800 ரூபாய்க்கு எடுத்தேன், முன்னாடி ஷட்டர் இழுத்துப் பூட்டுற மாடல், சாவி கூட இருக்கு. ஆன் பண்ணா ஓடுது ஆனா படம் வரல, கோடு மட்டும் வருது. ஞாயித்துக்கிழமை அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், மண்டபத்துல அவங்க பழைய கல்யாண போட்டோ எல்லாம் இதுல ஓட விடணும்னு பிளான். எந்த பார்ட் மாத்தணும்னு மட்டும் சொல்லுங்க வாங்கிடுறேன்.

ஆணிபுடுங்கி:
என்ன கம்பெனி? கலரா பிளாக் அண்ட் ஒயிட்டா? வால்வா டிரான்சிஸ்டரா? சத்தம் வருதா?

சால்டர்சாமி:
ட்ரை சால்டர்தான் ப்ரோ, பத்த வச்ச ஈயம் விட்டுப் போயிருக்கும். கண்ண மூடிட்டு போர்டு முழுக்க ஒரு தடவ பத்த வைங்க, பழைய டிவில நூத்துக்கு தொண்ணூறு அதுதான்.

625லைன்:
கண்ண மூடிட்டு பத்த வச்சா விரல்தான் போகும். தம்பி, கோடுன்னா நின்ன கோடா படுத்த கோடா? அத சொல்லாம பார்ட் கேக்குறது டாக்டர்கிட்ட போன்ல "வலிக்குது, மாத்திரை சொல்லுங்க"ங்குற மாதிரி. போட்டோ போடத் தெரியும்ல?

வெண்ணெய்மலை:
சாரி சார். படுத்த கோடு, நடுவுல, வெள்ளையா பளிச்சுனு. பிளாக் அண்ட் ஒயிட், 20 இன்ச். கம்பெனி பேர் போர்டு விழுந்துடுச்சு. ஸ்பீக்கர்ல ஷ்ஷ்னு இரைச்சல் வருது. மொட்டமாடில ஆன்டெனா வச்சா தூர்தர்ஷன் வரும்ல?

625லைன்:
முதல்ல பிரைட்னெஸ்ஸ முழுசா குறைங்க. அந்தக் கோடு ஒரே இடத்துல எரிஞ்சா டியூப்ல தழும்பு விழுந்துரும், அப்பறம் அழுதாலும் போகாது. பாயின்ட் என்னன்னா, டியூபுக்குள்ள படம் வரையுற எலெக்ட்ரான் பீம் இடவலமா செகண்டுக்கு 15,625 தடவ ஓடணும், மேல கீழ 50 தடவ. இடவலமா ஓட்டுற பக்கம்தான் டியூபுக்கு ஹைவோல்டேஜும் குடுக்குது, கோடு பளிச்சுனு இருக்குன்னா அதுவும் டியூபும் நல்லாருக்கு. செத்தது மேல கீழ ஓட்டுற வெர்டிகல் பக்கம் மட்டும். யோக் (டியூப் கழுத்துல மாட்டியிருக்குற காயில்) வயர், வெர்டிகல் ஐசி, அதுலேர்ந்து யோக்குக்குப் போற பெரிய கன்டென்சர், இந்த மூணத்தான் பாக்கணும். போர்டு முழுக்க இல்ல சால்டர்சாமி.

சால்டர்சாமி:
அந்தக் கன்டென்சர் காலும் ட்ரை சால்டர் ஆகும் சார். நீங்க சொன்னா டயக்னசிஸ், நான் சொன்னா உளறலா?

காந்தக்கண்ணன்:
உள்ள இருக்கறத எல்லாம் தூக்கிப் போட்டுட்டு ஒரு மானிட்டர் வைங்க தலைவா, சாயங்காலத்துக்குள்ள வேல முடிஞ்சிரும்.

ஆணிபுடுங்கி:
அதுக்கு வெறும் மரப்பெட்டி வாங்கியிருக்கலாமே.

சீரிஸ்பல்பு:
யாரும் முக்கியமானத சொல்லல. இந்தக் காலத்து செட்டு நிறைய மாடல்ல டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது, மெயின்ஸ் நேரா டயோடுக்குப் போகும், ப்ளக்க எப்படி சொருகுறோம்கிறதப் பொறுத்து சேசிஸ்லயே, அதாவது உள்ள இருக்குற இரும்புச் சட்டத்துலயே 230 வோல்ட் நிக்கும். மெயின்ஸ்லேர்ந்து செட்ட பிரிச்சு வைக்கிற ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம பின்மூடி கழட்டாதீங்க. ஆஃப் பண்ணாலும் டியூப்ல சார்ஜ் நிக்கும். தெருவுல பழைய மெக்கானிக் இருந்தா கூட்டிட்டு வாங்க தம்பி, விசேஷ வீடு.

அலைவரிசை:
ஆன்டெனா வச்சு பிரயோஜனம் இல்ல. தூர்தர்ஷன் அனலாக் டவர் எல்லாம் கிட்டத்தட்ட நிறுத்தியாச்சு, டிஜிட்டல் சிக்னல் இந்த டியூனருக்குப் புரியாது. எங்களுக்கு அப்பவே தூர்தர்ஷன் கிடையாது, 82ல ரூபவாகினி வந்ததும் தூத்துக்குடில மொட்டமாடிக்கு மொட்டமாடி கொழும்பு பாத்துதான் ஆன்டெனா நின்னுச்சு. இலங்கைல முதல் டிவியே அதான்.

ஆணிபுடுங்கி:
முதல் டிவி ஐடிஎன். 1979.

அலைவரிசை:
அது பிரைவேட்டா ஆரம்பிச்சது, நான் அரசாங்க டிவிய சொன்னேன்.

ஆணிபுடுங்கி:
"முதல் டிவியே"ன்னுதான் எழுதியிருக்கீங்க. அரசாங்கம்ங்கிற வார்த்த எங்க இருக்கு? அதுவும் ஐடிஎன்னயும் அரசாங்கம் கொஞ்ச நாள்லயே எடுத்துக்கிட்டாச்சு.

அலைவரிசை:
நீங்க சென்னைதானே, உங்களுக்கு 75 ஆகஸ்ட் 15லயே டிவி வந்துருச்சு. கடலோரத்துல புள்ளி புள்ளியா பாத்தவனுக்குத்தான் தெரியும் அந்த அருமை.

625லைன்:
ரெண்டு பேரும் தனியா போய் சண்ட போடுங்க. தம்பி, போட்டோவ எப்படி செட்டுக்குள்ள அனுப்பப் போறீங்க?

வெண்ணெய்மலை:
பென் டிரைவ்ல.

625லைன்:
(பெருமூச்சு) அந்த டிவில ஓட்டையே இல்லையே ராசா, ஆன்டெனா ஸ்க்ரூ ரெண்டு இருக்கும் அவ்வளவுதான். பென் டிரைவ் எடுக்குற டிவிடி பிளேயர் ஒண்ணு, அதுலேர்ந்து ஆர்எஃப் மாடுலேட்டர் (படத்தையும் சத்தத்தையும் ஆன்டெனா சிக்னலா மாத்துற பெட்டி), அதுலேர்ந்து டிவி. வட்டக் கேபிள் 75 ஓம், அந்த ஸ்க்ரூ 300 ஓம், நடுவுல ரெண்டையும் பொருத்துற பலூன் போடணும்.

காந்தக்கண்ணன்:
பலூனா? மண்டபத்துல எப்படியும் கட்டுவாங்களே 😂

சீரிஸ்பல்பு:
கடைல பலூன்னே கேளுங்க, குடுப்பாங்க. ரிச்சி ஸ்ட்ரீட்ல இப்பவும் கிடைக்குது.

(மூணு நாள் கழிச்சு)

வெண்ணெய்மலை:
விரிஞ்சிருச்சு!!! பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோ ரிப்பேர் பண்ற அண்ணன் வந்தாரு. 1000 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்) கன்டென்சர், ஒரு கால் உள்ளயே விட்டுப் போயிருக்கு. புதுசு போட்டாரு, பார்ட் 30 ரூபா, கூலி 300. மேல ஒரு இன்ச் மடிஞ்சு வந்துச்சு, படத்தோட உயரத்த மாத்துற ஹைட் பிரிசெட்ட திருகி சரி பண்ணிட்டாரு. மாடுலேட்டரும் வாங்கிட்டேன். படம் வருது, ஆனா பாட்டு வரல, வெறும் இரைச்சல். நாளைக்கு விசேஷம்.

சால்டர்சாமி:
கன்டென்சர் காலுன்னு நான்தான் சொன்னேன்.

625லைன்:
நீங்க சொன்னது போர்டு பக்கம் இருக்குற கால். தம்பி, மாடுலேட்டர் அமெரிக்க சிஸ்டம் மாடலா இருக்கும். அதுல படத்துக்கும் சத்தத்துக்கும் நடுவுல 4.5 மெகாஹெர்ட்ஸ், நம்ம செட்டு 5.5ல தேடும். அதான் படம் புடிக்குது, சத்தம் சிக்கல. மாடுலேட்டர் பின்னாடி குட்டி சுவிட்ச் இருந்தா 5.5ல வைங்க. இல்லன்னா டிவிடி பிளேயரோட ஆடியோவ மண்டபத்து ஸ்பீக்கர்ல குடுத்துருங்க, டிவிய நோண்டாதீங்க.

அலைவரிசை:
ஐடிஎன் பத்தி பாத்தேன், 79 சரிதான். ஆனா எங்க ஊர்ல அது எடுக்கல.

ஆணிபுடுங்கி:
தம்பி ஞாயித்துக்கிழமை என்னாச்சு?

வெண்ணெய்மலை:
நல்லபடியா நடந்துச்சுண்ணே, எல்லாருக்கும் தேங்க்ஸ். அப்பா போட்டோ முடிஞ்சதும் ஷட்டர இழுத்துப் பூட்டி சாவிய இடுப்புல செருகிட்டாரு, இன்னும் குடுக்கல.

ஆணிபுடுங்கி:
சத்தம் வந்துச்சா இல்லையா?

625லைன்:
சுவிட்ச் இருந்துச்சா?