அப்பத்தா மல்லி

குழு: திருமங்கலத்து வீடு

நவம்பர் 22, சனிக்கிழமை

காலை 6:48

நான்: (புகைப்படம்) அத்தை, இந்த மல்லிச் செடியைக் கொஞ்சம் பாருங்க. ஆகஸ்ட்ல வாங்கினப்ப பூவும் மொட்டுமா நின்னுச்சு. ஒரு வாரம் பூத்துச்சு, அதோட சரி. இப்ப இலையெல்லாம் மஞ்சளாகுது.

அத்தை: நரம்பு பச்சையா, நடுவுல மட்டும் மஞ்சளா? இல்ல இலை முழுக்க மஞ்சளா? கிட்டக்கப் பிடிச்சு ஒரு படம் போடு மருமகனே.

நான்: (புகைப்படம்) நரம்பு பச்சையா இருக்கு. துளிர்தான் ரொம்ப வெளுத்திருக்கு.

அத்தை: அப்ப இரும்புச் சத்து ஏறல. வேளச்சேரில உங்களுக்கு போர் தண்ணிதானே? உப்புத் தண்ணி விட்டுக்கிட்டே இருந்தா மண்ணுல இரும்பு இருந்தாலும் வேர் எடுத்துக்காது. உரக்கடையில அன்னபேதி உப்பு கேளு, அதுதான் இரும்பு உப்பு. ஒரு லிட்டருக்கு 5 கிராம் கரைச்சு, சாயங்காலம் இலை நனையத் தெளி. மாசம் ஒரு தடவை, பச்சை திரும்புற வரைக்கும்.

அத்தை: ஆனா பூ நின்னதுக்கு அது மட்டும் காரணமா இருக்காது. வெயில் எவ்வளவு நேரம் விழுது?

நான்: கிழக்குப் பார்த்த பால்கனி அத்தை. ஒன்பதரை மணி வரைக்கும்.

அத்தை: பத்தவே பத்தாது. குண்டுமல்லிக்கு ஆறு மணி நேரமாச்சும் முகத்துல வெயில் படணும். மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போ. போறதுக்கு முன்னாடி தொட்டியைச் சாய்ச்சு செடியை மண்ணோட வெளிய எடு. எனக்கு வேரைப் பார்க்கணும்.

காலை 7:31

நான்: (புகைப்படம்) உள்ள ஒரு களிமண் உருண்டை. கல்லு மாதிரி இருக்கு. அதைச் சுத்தி கருப்புப் பை அப்படியே இருக்கு அத்தை. தொட்டியில வச்சுத்தான் கொடுத்தாங்க, நான் பிரிச்சே பார்க்கல.

அத்தை: ஐயோ பாவம். மூணு மாசமா அந்தப் பைக்குள்ளயே வேர் சுத்திச் சுத்தி வந்திருக்கு பாரு. நீ ஊத்தின தண்ணி பக்கவாட்டுல இறங்கிப் போயிருக்கும். உருண்டைக்குள்ள ஒரு சொட்டு போயிருக்காது.

அத்தை: களிமண்ணுல உருட்டுறதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். லாரியில தூரம் வர்ற செடி உடையாம வரணும்ல. ஆனா தொட்டிக்கு மாத்துறவன் பையைக் கிழிக்கணும். அதைச் செய்யாம காசு வாங்கினது தப்பு.

அத்தை: ஒரு வாளித் தண்ணியில உருண்டையை ஒரு மணி நேரம் ஊறப் போடு. கையால பிசையாத. களிமண் தானா கரையும். அப்புறம் செம்மண் ரெண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கின தொழுவுரம் ஒரு பங்கு கலந்து வை. ரெண்டு நாள் நிழல்ல இருக்கட்டும், பிறகு வெயில்.

கோயமுத்தூர் அக்கா: தம்பி, எந்த நர்சரில வாங்கின?

நான்: ரோட்டோரம் இருக்கிற ஒண்ணு. பேரு வேண்டாம்க்கா.

கோயமுத்தூர் அக்கா: நாங்க மலர்க் கண்காட்சிக்குப் போன அன்னிக்கே நினைச்சேன், உனக்கும் ஒரு செடி வாங்கியிருக்கணும்னு. 2024ல இங்க வேளாண் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவுல வச்சாங்கல்ல, அது. நான் பிச்சி வாங்கிட்டு வந்தேன், இப்ப பந்தல் ஏறி நிக்குது.

அத்தை: பல்கலைக்கழக ரகத்துல கோ 1 பிச்சியா கோ 2 பிச்சியா?

கோயமுத்தூர் அக்கா: கோ 2. மொட்டுல இளஞ்சிவப்பு ஓடும்ல, அதுதான் எனக்குப் பிடிச்சது.

அத்தை: நல்ல செடி. எங்கிட்டு வாங்கினாலும் மொதல்ல தாய்ச்செடியைக் காட்டச் சொல்லணும்த்தா. எந்தச் செடியில இருந்து குச்சி எடுத்தீங்கன்னு கேட்டா, நல்ல நர்சரிக்காரர் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் காட்டுவார். பூ நிறைஞ்சு நிக்கிற செடியை நான் தொடவே மாட்டேன். அடியில இருந்து மூணு நாலு தண்டு கிளம்பியிருக்கா, பை ஓட்டையில வெள்ளை வேர் எட்டிப் பார்க்குதா, இலைக்கு அடியில செஞ்சிலந்திப் பேன் இருக்கா, இதுதான் பார்ப்பேன்.

அப்பா: அக்கா ஊட்டியிலயும் இதே வேலைதான் பண்ணுச்சு. போன மே மாசம் 127வது கண்காட்சி. அவ்வளவு பூவையும் விட்டுட்டு, தொட்டிக்குப் பின்னாடி உக்காந்து மண்ணைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு.

அத்தை: ஆமாடா தம்பி, அதுக்குத்தானே போனேன். அம்புட்டுத் தொட்டியும் ஒரே வாரத்துல பூக்கணும்னா எத்தனை மாசத்துக்கு முன்னாடி நாத்து விட்டிருக்கணும், எத்தனை கை பட்டிருக்கணும்! 1848ல போட்ட தோட்டம். தண்ணி ஊத்திக்கிட்டு இருந்த அம்மாகிட்ட அரை மணி நேரம் பேசினேன். எனக்கு அந்த மே மாசத்துலயே பெரிய சந்தோஷம் அதுதான்.

காலை 9:10

ராமநாதபுரம் மச்சான்: அம்மா, நான் இப்ப தங்கச்சிமடம் வழியாத்தான் வர்றேன். மாப்பிள்ளைக்கு நாத்து வாங்கணுமா?

அத்தை: வண்டியை நிறுத்து! மாப்பிள்ளைக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் தெரியட்டும், ஒரு படம் எடுத்துப் போடு.

ராமநாதபுரம் மச்சான்: (புகைப்படம்) (புகைப்படம்)

நான்: இது கடற்கரை மணல் மாதிரி இருக்கே?

அத்தை: மணலேதான். ராமேஸ்வரம் தீவுக்குள்ள இருக்கிற ஊர். மணல் பாத்தியில குச்சி குச்சியா நட்டிருக்காங்க பாரு. வேர் பிடிச்சதும் பிடுங்கிக் கட்டுக் கட்டா கட்டி அனுப்புவாங்க. மணல்ல வளர்ந்ததால வேர் அறுபடாம வரும். மதுரை மல்லின்னு நாம பெருமையாச் சொல்றோம், 2013ல புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. ஆனா திருமங்கலம், உசிலம்பட்டி, நிலக்கோட்டைத் தோட்டத்துக்கெல்லாம் நாத்து அந்தத் தீவுல இருந்துதான் வருது. மாட்டுத்தாவணிச் சந்தையில விடியக்காலை மூட்டையா இறங்குற பூவுக்குத் தாய்வீடு அங்க இருக்கு.

நான்: விதை போட மாட்டாங்களா அத்தை?

அத்தை: குண்டுமல்லி விதை பிடிக்கிறதில்லப்பா. ஒரு செடியோட கொம்பை ஒடிச்சு நட்டாத்தான் அடுத்த செடி. என் மாடியில இருக்கிறது திருமங்கலத்துக் கிணத்தடிச் செடியோட கொம்பு. அந்தச் செடி, அம்மா கல்யாணமாகி வந்த வருஷம் எங்க தாத்தா தங்கச்சிமடத்துல இருந்து துணியில சுத்திக் கொண்டுவந்த குச்சி. வேற வேற செடின்னு பார்க்கிறோம், எல்லாம் ஒரே செடிதான்.

பெரியப்பா: அதைச் சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. ரெண்டு நாளா எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். வீடு இடிக்க தை 10ன்னு நாள் குறிச்சாச்சு. கிணத்தடியிலதான் புது அடுப்படி வருது. அந்த மல்லி இருக்காது.

காலை 9:42

அப்பா: அம்மாவுக்குத் தெரியுமா அண்ணே?

பெரியப்பா: இன்னும் சொல்லல.

கோயமுத்தூர் அக்கா: அத்தை, பார்த்தீங்களா?

காலை 10:15

அத்தை: பார்த்தேன். மாடிக்குப் போய் என் செடிகிட்ட கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன்.

அத்தை: அண்ணே, வீடு கட்டணும், அதுல எனக்கு மறுபேச்சு இல்ல. ஒழுகுற கூரைக்குக் கீழ அம்மாவை எத்தனை மழைக்கு வச்சிருக்கிறது. ஆனா ஒரு உதவி செய்யுங்க. இன்னிலிருந்து அந்தச் செடிக்குத் தண்ணி விடாதீங்க. மல்லிக்குக் கவாத்து நவம்பர் கடைசி வாரம். கடவுள் பார்த்துச் சரியான நேரத்துல சொல்ல வச்சிருக்கார். அடுத்த ஞாயிறு, 30ஆம் தேதி, எல்லாரும் திருமங்கலம் வாங்க. தரையில இருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டுறேன். வெட்டுற கொம்பு ஒண்ணும் குப்பைக்குப் போகக் கூடாது.

நான்: கொம்பை வெட்டாம வளைச்சு மண்ணுல புதைச்சுப் பதியம் போட்டா நல்லதில்லையா அத்தை? இங்க மாடித்தோட்டம் போடுறவங்க சொன்னாங்க.

அத்தை: பதியம்தான் நிச்சயமானது. ஆனா மூணு நாலு மாசம் தாய்ச்செடியோட ஒட்டி இருக்கணும். தை 10க்கு ரெண்டு மாசம்தான் இருக்கு.

பெரியப்பா: அந்த மூலையை மட்டும் கடைசியா எடுக்கச் சொன்னா? அடுப்படிக்கு வானம் தோண்டுறது மாசியிலதான் வரும். கொத்தனார்கிட்ட பேசுறேன்.

அத்தை: மாசி கடைசி வரைக்கும் விட்டீங்கன்னா போதும் அண்ணே! தாழ இருக்கிற ரெண்டு கொம்பை வளைச்சு, தரையில புதைக்காம தொட்டி மண்ணுக்குள்ள புதைச்சு மேல செங்கல் வச்சுர்றேன். வேர் வந்ததும் அறுத்து, தொட்டியோட தூக்கிரலாம்.

பகல் 12:20

பெரியப்பா: பேசிட்டேன். மாசி 25 வரைக்கும் அந்தப் பக்கம் கடப்பாரை வராது. சுத்தித் தகரம் அடைச்சுத் தர்றேன்னு அவரே சொன்னார். அவங்க வீட்லயும் மல்லி இருக்காம்.

நவம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை

காலை 8:05

அத்தை: வந்து சேராதவங்களுக்கு இங்கயே சொல்றேன். ரொம்ப இளசும் வேண்டாம், முத்தினதும் வேண்டாம். பென்சில் கனம். மூணு நாலு கணு இருக்கணும். அடிப்பக்கம் கணுவுக்குக் கீழ சாய்வா வெட்டு, மேல நேரா வெட்டு. எது தலை எது கால்னு மறக்காது. கீழ் இலையை உருவிட்டு, வேர் விடுற பொடியில அடியைத் தொட்டு மணல்ல நடு. ரெண்டு கணு மண்ணுக்குள்ள போகணும்.

கோயமுத்தூர் அக்கா: அத்தை, கற்றாழைச் சோறு தடவலாமா? எங்க தெருவுல அதுதான் எல்லாரும்.

அத்தை: தடவு, கெடுதல் இல்ல. நான் பொடியைத்தான் நம்புவேன்.

காலை 11:50

அப்பா: (புகைப்படம்) அம்மா வந்து கிணத்துமேட்டுல உக்காந்திருக்கு. விஷயத்தைச் சொல்லியாச்சு. அழும்னு பயந்தேன். கத்தரிக்கோலை வாங்கி முதல் வெட்டு அதுதான் வெட்டுச்சு.

அப்பா: அம்மா பேசினதைக் குரல் பதிவாப் போடுறேன், கேளுங்க.

அப்பத்தா (குரல் பதிவு): ஏத்தா, எல்லாரும் கேட்டுக்கங்க. எங்கய்யா இதைக் கொண்டாந்து கொடுத்தப்ப ஒரு சாண் குச்சி. ஒங்க தாத்தன் நம்பல, இது எங்கிட்டுத் துளுக்கப் போகுதுன்னாரு. பங்குனியில பூத்துச்சு. மூணு பொம்பளைப் பிள்ளை கல்யாணத்துக்கும் இதுல இருந்துதான் தலைக்குக் கட்டினது. ஆளுக்கொண்ணு எடுத்துட்டுப் போங்க. எனக்கு வாசல்கிட்ட ஒரு தொட்டி வைங்க, உக்காந்த எடத்துல இருந்து பறிக்கிற மாதிரி.

பிற்பகல் 3:30

அத்தை: எண்ணியாச்சு. 64 குச்சி, 2 பதியத் தொட்டி. கோயமுத்தூருக்கு 10, ராமநாதபுரத்துக்கு 8, அண்ணன் வீட்டுக்கு 10, வேளச்சேரிக்கு 6. மிச்சம் என் மாடியில நிழல்வலைக்கு அடியில. எல்லாம் பிழைக்காது, பாதி துளிர்த்தாலே நல்ல கணக்கு. பதியம் ரெண்டும் அம்மாவுக்கு.

டிசம்பர் 19, வெள்ளிக்கிழமை

இரவு 8:14

நான்: (புகைப்படம்) அத்தை, ஆறுல நாலு கணுவுல பச்சை வந்திருக்கு! வேர் விட்டிருக்குமா? மெதுவா இழுத்துப் பார்க்கட்டுமா?

அத்தை: கையால தொடாத! துளிர் முந்தி வந்துரும், வேர் பின்னாடிதான். உள்ளுக்குள்ள இருக்கிற சத்துலயே துளிர்க்கும். இழுத்தா நூல் மாதிரி இருக்கிற வேர் அறுந்துரும். மேல ஒரு பாட்டில் கவுத்து ஈரம் காத்துக்க.

நான்: சரி அத்தை. களிமண் செடியும் தேறிக்கிட்டு இருக்கு. ரெண்டு தடவை அன்னபேதி தெளிச்சாச்சு.

அத்தை: அதையும் கவாத்து பண்ணிரு, இன்னும் நாள் இருக்கு. புதுக்கொம்புலதான் பூ வரும். அப்புறம் ஜனவரியில செம்மொழிப் பூங்காவுல போன தடவை மாதிரி மலர்க் கண்காட்சி வச்சா சொல்லு. வைகை ரயில்ல வந்துர்றேன். பக்கத்துலயே வேளாண் தோட்டக்கலைச் சங்கத்துத் தோட்டம் இருந்துச்சு, 1835ல ஆரம்பிச்ச சங்கம். அங்க செடி பார்த்து வருஷமாச்சு.

நான்: வாங்க அத்தை. வச்சாலும் வைக்கலேன்னாலும் வாங்க.

அத்தை: வர்றேன். வர்றப்ப துளிர்க்காத ரெண்டுக்குப் பதிலா என் மாடியில இருந்து ரெண்டு எடுத்துட்டு வர்றேன். வடக்குச் சுவத்துப் பக்கம் எடம் ஒதுக்கி வை, அங்க வெயில் நேரா விழும்னு நீ அனுப்பின படத்துல பார்த்தேன்.