ஐபோனில் எடுத்த எச்டிஆர் வீடியோ கணினியில் வெளுத்துப்போன கதைகள்

தாமிரபரணி:
அக்காவின் வளைகாப்பை ஐபோன் 13-இல், எச்டிஆரில் (இருட்டு முதல் மிகப் பிரகாசம் வரை அதிக வீச்சைப் பதியும் முறை) எடுத்தேன். போனில் பார்த்தபோது அத்தனை அழகு. பிரீமியர் புரோ எடிட்டிங் மென்பொருளில் ரெக் 709 (சாதாரண டிவியின் நிறத்தரம்) டைம்லைனில் போட்டதும் அக்காவின் முகம் சுண்ணாம்படித்த சுவராகிவிட்டது. மூக்குத்தியைக் காணோம், கன்னத்தில் பூசிய சந்தனத்தையும் காணோம். எக்ஸ்போஷரையும் ஹைலைட்டையும் இரண்டு இரவு இறக்கிப் பார்த்தேன். வெள்ளை சாம்பலானது, அவ்வளவுதான். அம்மா எட்டிப் பார்த்து, "அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது. கடைசியில், கோப்பை எப்படிப் படிப்பது என்று மென்பொருளுக்குச் சொல்லும் இன்டர்பிரட் ஃபுட்டேஜில் போய் கலர் ஸ்பேஸை 709 என்று மாற்றினேன். சந்தனம் திரும்பி வந்தது.

பழைய ரீல்:
மன்னிக்கவும், அது திருத்தம் அல்ல, மென்பொருளிடம் சொன்ன பொய். உங்கள் கோப்பு 10 பிட், ரெக் 2020 என்ற அகன்ற நிறவெளி, எச்எல்ஜி என்ற எச்டிஆர் வெளிச்ச வளைவு. எச்எல்ஜியை பிபிசியும் ஜப்பானிய ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயும் உருவாக்கியதே பழைய டிவியிலும் படம் ஓரளவு ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். அதனால்தான் உங்கள் பொய் பாதி பலித்தது. வளையல்களின் சிவப்பைப் பாருங்கள், மங்கியிருக்கும்.

என் கதை சின்னது: எங்கள் ஊர்க் கும்பாபிஷேகத்தில் கலசம் வெறும் வெள்ளைப் பொட்டாக வந்தது. டாவின்சி ரிசால்வ் மென்பொருளில், ஒரு நிறவெளியை இன்னொன்றாக மாற்றும் கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம் போட்டேன். உள்ளீடு ரெக் 2020, காமா (வெளிச்ச வளைவு) ரெக் 2100 எச்எல்ஜி. வெளியீடு ரெக் 709, காமா 2.4, டோன் மேப்பிங் (அதிக வெளிச்சத்தைச் சாதாரணத் திரைக்குள் அடக்குவது) டாவின்சி. வெளிச்சத்தைக் குறைக்க வேண்டுமானால் இதற்கு முந்தைய நோடில் (வரிசையாக நடக்கும் திருத்தங்களில் ஒரு கட்டம்) குறையுங்கள். பிந்தையதில் குறைத்தால் சுருங்கிப்போன வெளிச்சத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். புதிய பிரீமியரில் சீக்வென்ஸ் அமைப்பிலேயே தானியங்கி டோன் மேப்பிங் உண்டு. ஃபைனல் கட் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு எச்டிஆர் டூல்ஸ் என்ற எஃபெக்ட். இனி எடுக்கும்போது கேமரா அமைப்பில் வீடியோ பதிவுக்குள் எச்டிஆரை அணைத்துவிடுங்கள். ஐபோன் 12-இலிருந்து அது தானாகவே இயங்கிக்கொண்டிருக்கிறது.

மஞ்சள் பை:
பழைய ரீல் ஐயா, யாரும் பாடம் கேட்கவில்லையே. நோடு போட்டால் எல்லாம் திரும்பிவிடும் என்று நம்பித்தான் நான் ஏமாந்தேன். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நொடியில் என் கேமராவை ஒரு பெரியவரின் தோள் மறைத்துவிட்டது. மாப்பிள்ளையின் தம்பி போனில் எடுத்ததைச் செயலி வழியாக அனுப்பினான். நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் போட்டேன். வெளிச்ச அளவைக் காட்டும் அலைவரைபடத்தில் மணப்பெண்ணின் நெற்றி மேல்கோட்டில் தட்டையாகப் படுத்திருந்தது. அனுப்பும்போதே 8 பிட்டாகச் சுருங்கி, வெளுப்பு நிலைத்துவிட்டது. அசலைக் கேட்டேன். "இடம் போதவில்லை, அழித்துவிட்டேன் அண்ணா" என்றான். ஆல்பத்தில் அந்த நொடி கறுப்பு வெள்ளையில்தான் இருக்கிறது. கலைநயம் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் என்னைப் பாராட்டினார்கள். நான் தலையாட்டினேன்.

தாமிரபரணி:
பழைய ரீல் சொன்னபடி செய்து பார்த்தேன். பொய் என்ற வார்த்தை சுட்டது, ஆனால் வளையல் உண்மையிலேயே சிவந்துவிட்டது. வெள்ளைப் பலகையாக இருந்த சன்னலும் தெளிந்தது. அதற்கு வெளியே பக்கத்து வீட்டு மாமா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டர் கழுவுகிறார். மூன்று நிமிடமும் கழுவுகிறார். அவரை என்ன செய்வது?