ஏற்காட்டுக்கு விருந்தாளிகள்: ஒன்பது பாயிண்ட் வேனா, ஊர்க்காரரோடு நடையா?

அஸ்தம்பட்டி:
மே மாதம் மன்னார்குடியிலிருந்து சித்தப்பா குடும்பம் சேலத்துக்கு வருகிறது. பெரியவர்கள் நாலு பேர், பிள்ளைகள் மூன்று பேர். யாரும் மலை ஏறியதில்லை. ஏற்காட்டைச் சுற்றிக் காட்ட ஒரு வேன் விசாரித்தேன். ஏரி, அண்ணா பூங்கா, லேடிஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், ரோஜா தோட்டம், பகோடா பாயிண்ட், கரடிக் குகை, கிளியூர் அருவி, சேர்வராயன் கோயில் என்று ஒரே நாளில் ஒன்பது பாயிண்ட் காட்டுகிறார்களாம். மலை ஏறி இறங்கும் நேரம், சாப்பாடு, நெரிசல் எல்லாம் போக ஓர் இடத்துக்கு இருபது நிமிடம் மிஞ்சினால் அதிகம். எனக்கு இதில் துளியும் விருப்பமில்லை. தாவரவியல் பூங்காவை நிதானமாகப் பார்த்துவிட்டு, மலைக்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு காபித் தோட்டப் பக்கம் இரண்டு மணி நேரம் நடந்தால் போதும் என்கிறேன். "அவ்வளவு தூரம் வந்தவங்களுக்கு ரெண்டே இடமா காட்டுவே?" என்று அண்ணன் சண்டைக்கு வருகிறார். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

வேன்காரர் மகள்:
உங்கள் அண்ணன் சொல்வதுதான் சரி. என் அப்பா பல வருடமாக ஏற்காட்டில் வேன் ஓட்டுகிறார், அதனால் இதை அக்கறையோடு சொல்கிறேன். டெல்டாவிலிருந்து வருகிறவர்களுக்கு மலை என்றால் முதலில் உயரம்தான். லேடிஸ் சீட்டில் நின்று கீழே சேலம் மொத்தமும் தெரியும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். வானம் தெளிவாக இருந்தால் மேட்டூர் அணை வரைக்கும் தெரியும். இதையெல்லாம் விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் தோட்டத்துக்குள் நடக்கச் சொன்னால், ஊருக்குப் போய் என்ன சொல்வார்கள்?

வேன்காரர் சும்மா ஸ்டியரிங் பிடிப்பவர் இல்லை. சேலத்துச் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவு. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலை ஓட்டுநர்களுக்குப் பாலபாடம். சமவெளியில் மட்டும் ஓட்டிப் பழகியவர்கள் வழி நெடுக பிரேக்கிலேயே கால் வைத்து இறங்குவார்கள், பாதி மலையிலேயே கருகிய வாடை வந்துவிடும். 2024 ஏப்ரல் கடைசியில் இறங்கி வந்த பேருந்து ஒன்று கவிழ்ந்து உயிர்கள் போனதை நாம் மறக்கக் கூடாது. ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு போகிறவர் முதலில் கேட்க வேண்டியது ஓட்டுகிறவர் யார் என்பதைத்தான். வழியில் தெரியும் வெள்ளைக்கல் சுரங்கங்களைக் காட்டி, மேக்னசைட் என்கிற அந்த வெள்ளைக்கல்லை எப்படி எடுக்கிறார்கள் என்று அப்பா பிள்ளைகளுக்குச் சொல்லுவார். அதுவும் வழிகாட்டுதல்தானே?

நாகலூர் மிளகு:
தங்கச்சி, உங்கள் அப்பா மாதிரி ஓட்டுநர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. என் ஆதங்கம் அந்தப் பட்டியல் மேல். நான் மலையிலேயே பிறந்து வளர்ந்தவன். மே மாதத்தில் கிளியூரை ஒரு பாயிண்டாக எப்படிச் சேர்க்கிறார்கள்? ஏற்காடு ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் கிளியூரில் விழுகிறது. மழைக்காலம் முடியும் தறுவாயில் வந்தால் ஏறக்குறைய 300 அடி அருவி. கோடையில் பெரும்பாலும் பாறைதான் தெரியும். வயதானவர்களை அவ்வளவு படி இறக்கி, காய்ந்த பாறையைக் காட்டி, மறுபடி ஏற்றுவது அநியாயம்.

இப்போது இங்கே என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்த மலையில் காபி வைத்தார். இன்றைக்கும் எங்கள் பிழைப்பு அதுதான். தோட்டத்துக்குள் வந்தால் மேலே சில்வர் ஓக் நிழல், அந்த மரத்தில் ஏறிய மிளகுக் கொடி, அதற்குக் கீழே காபிச் செடி. ஒரே நிலத்தில் மூன்று அடுக்காக விளைச்சல். மார்ச், ஏப்ரலில் ஒரு மழை பெய்தால் காபி பூத்து மலையே மல்லிகைப் பந்தல் மாதிரி மணக்கும். மே மாதம் வருகிறவர்களுக்குப் பூ கிடைக்காது, ஆனால் பச்சைப் பிஞ்சு பிடித்திருப்பதைக் காட்டலாம். அது பழுத்துப் பறிக்க நவம்பருக்கு மேல் ஆகிவிடும். தினமும் இரண்டு வேளை காபி குடிக்கிற குடும்பத்துக்கு இது தெரிய வேண்டாமா?

அப்புறம் சேர்வராயன் கோயில். இந்த மலைத்தொடரிலேயே உயரமான இடம், 5,326 அடி. பெரும்பாலான வண்டிகள் வந்து, செல்ஃபி எடுத்து, திரும்பிவிடுகின்றன. உள்ளே குகையில் சேர்வராயரோடு காவேரி அம்மனும் இருக்கிறாள். அந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்பது எங்கள் பெரியவர்களின் நம்பிக்கை. மலையாளி பழங்குடி மக்கள் (கேரளக்காரர்கள் இல்லை, இந்த மலையில் வாழ்கிறவர்கள்) மே மாதத் திருவிழாவுக்குக் கிராமம் கிராமமாகத் திரண்டு வருவார்கள். காவிரித் தண்ணீரில் விவசாயம் பார்க்கிற மன்னார்குடிக்காரர்களை அங்கே நிறுத்தி இதைச் சொன்னால் அவர்கள் மனதில் எப்படி இறங்கும் என்று யோசியுங்கள். இருபது நிமிடத்தில் அதைச் சொல்லிவிட முடியாது, ஆள் வேண்டும், நேரமும் வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை:
கோடை விழா சமயத்தில் அண்ணா பூங்காவுக்குப் போனால் பூவை விடத் தலைகளைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். மே மாதம் என்றால் மலையே வேண்டாம் என்பது என் கட்சி. குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா சேர்வராயன் மலை அடிவாரத்திலேயே இருக்கிறது. மான், மயில், மர நிழல் எல்லாம் உண்டு, பிள்ளைகளுக்கு அது போதும். சாயங்காலம் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கு அழைத்துப் போங்கள். 2010 வாக்கில் ஊர் மக்கள் சேர்ந்து அந்த ஏரியைச் சீர்படுத்தி, நடுவில் மண்திட்டுகள் போட்டு மரம் வைத்தார்கள். இன்று அதில் பறவைகள் அடைகின்றன. நம் ஊர் நாமே செய்த நல்ல காரியத்தை நாமே விருந்தாளிகளுக்குக் காட்டுவதில்லை.

வேன்காரர் மகள்:
மூக்கனேரி நல்ல இடம்தான் அண்ணா, ஆனால் மன்னார்குடியில் ஏரி குளத்துக்கா பஞ்சம்?

நாகலூர் அண்ணா, கிளியூர் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். தண்ணீர் இல்லை என்றால் அப்பா வண்டி ஏறும்போதே சொல்லிவிடுவார். ஆனால் நடையில் இருக்கிற சிக்கலுக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. வயதான பெண்களுக்குத் தோட்டத்து நடுவில் கழிப்பிடம் எங்கே? ஏரிக்கரையில் யார் வேண்டுமானாலும் வந்து "நான் கைடு" என்கிறார்கள். அவருக்கு மலை தெரியுமா, தோட்டத்துக்குள் போக அனுமதி இருக்கிறதா என்பதை வெளியூர்க்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்? போன வருடம் எங்கள் உறவுக்காரப் பெண் ஒருவரை இப்படி ஓர் ஆள் முட்புதர் வழியாக இழுத்துக்கொண்டு போய், பேசியதை விட இரண்டு மடங்கு பணம் வாங்கினார். வேனில் போனால் வண்டி நம்பராவது கையில் இருக்கும்.

நாகலூர் மிளகு:
கேட்க வேண்டிய கேள்விதான். ஏரிக்கரையில் வந்து ஒட்டிக்கொள்கிற ஆளை நம்ப வேண்டாம். தங்குகிற விடுதியில், அல்லது தோட்டத்து வீட்டில் அறை கொடுக்கிறவர்களிடம் முன்கூட்டியே கேட்டால், தோட்டத்தில் வேலை பார்க்கிற ஆளையே அனுப்புவார்கள். கழிப்பிடம் அந்த வீட்டிலேயே இருக்கும். கூலியை நடக்கும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

ஆள் ஏன் வேண்டும் என்றால், எங்கள் பக்கம் காட்டெருமை தோட்டத்துக்குள்ளேயே மேயும். பார்க்கச் சாதுவாகத் தெரியும். படம் எடுக்க நெருங்கினால் முட்டித் தள்ளிவிடும். எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், எந்தப் பக்கம் விலக வேண்டும் என்பது இங்கே இருக்கிறவனுக்குத்தான் தெரியும்.

அடிவாரம்:
இரண்டு பேருக்கும் ஒரு தகவல். கோடை விழாக் கூட்டத்தின்போது அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்கச் சொல்லி ஒருவழிப் பாதையாக்குவது உண்டு. இறங்குவது சுற்று வழி, அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். இதைக் கணக்கில் சேர்த்தால் ஒன்பது பாயிண்ட் நடக்காத காரியம். விழா நாட்களைத் தவிர்த்து ஒரு செவ்வாய், புதன் பார்த்துப் போங்கள்.

அஸ்தம்பட்டி:
எல்லோருக்கும் நன்றி. வேன் வைப்பது என்று முடிவு செய்துவிட்டேன், ஓட்டுநர் மலைக்காரராகத்தான் இருக்க வேண்டும். லேடிஸ் சீட், தாவரவியல் பூங்கா, மதியத்துக்கு மேல் சேர்வராயன் கோயில். பூங்காவில் 1963-இல் தொடங்கிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது, பூச்சி தின்னும் குடுவைச் செடியும் இருக்கிறது. பிள்ளைகளை அதன் பக்கத்தில் ஒரு மணி நேரமாவது விட வேண்டும் என்பதில் நான் இறங்கி வரமாட்டேன். தோட்ட நடை, விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும். சித்திக்கு முட்டி வலி, அவர் வேனிலேயே இருக்கட்டும். கோயில் வரைக்கும் வண்டி போகுமா?

வேன்காரர் மகள்:
மேலே வரைக்கும் சாலை இருக்கிறது, கோயில் பக்கத்திலேயே இறங்கலாம் அக்கா. ஆனால் பகோடா பாயிண்டை விட்டுவிட்டீர்களே! அவ்வளவு தூரம் போய்விட்டு அதைப் பார்க்காமல் திரும்புவதை என்னால் ஏற்கவே முடியாது.

நாகலூர் மிளகு:
பகோடாவைச் சேர்த்தால் கோயிலில் நிற்க நேரம் இருக்காது. கோயிலே இருக்கட்டும். குகை குறுகலானது, உள்ளே இருட்டு. சித்தியை வாசலிலேயே கும்பிடச் சொல்லுங்கள்.