தொப்புள்கொடி இரத்த வங்கி: கையெழுத்திடும் முன் தரம் குறித்து எவற்றைக் கேட்டறிய வேண்டும்?

அல்சூர்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பெங்களூர் அல்சூரில் வசிக்கிறோம்; என் மகளுக்கு இது எட்டாம் மாதம். வளைகாப்பு முடிந்த மறுவாரமே ஒரு தனியார் தொப்புள்கொடி இரத்த வங்கியின் ஆலோசகர் வீட்டுக்கு வந்தார். இரத்தத்துடன் கொடியின் திசுவையும் சேர்த்துப் பல பத்தாண்டுகளுக்குப் பாதுகாப்பதாகச் சொல்லி, ஓர் ஒப்பந்தத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த இரத்தத்தில் ஸ்டெம் செல்கள், அதாவது பிற செல்களாக வளரக்கூடிய மூலச் செல்கள், இருப்பதாகவும், ஆட்டிசம் உள்ள என் தம்பி பேரனுக்கும் அவை பயன்படும் என்றும் சொன்னார். மருமகன் மாதத் தவணைக்குச் சம்மதித்துவிட்டார். ஒப்பந்தத்தை நான் இரண்டு முறை படித்தேன். பையில் எத்தனை செல்கள் இருக்க வேண்டும், என்னென்ன சோதனைகள் செய்வார்கள், குறை கண்டால் எங்களுக்குத் தெரிவிப்பார்களா என்பவை அதில் எங்குமே இல்லை. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தரப்பரிசோதகர், ஒயிட்ஃபீல்டு

அம்மா, செல் ஆய்வகம் ஒன்றின் தரப் பிரிவில் பதினொரு ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் உரிமத்தைக் கேளுங்கள். தொப்புள்கொடி இரத்த வங்கிகள் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் விதிகளின் கீழ் உரிமம் பெற்றே இயங்க முடியும். அந்த உரிமம் இரத்தத்துக்கு மட்டுமே உரியது. கொடித் திசு, நஞ்சுக்கொடி, பால்பல் ஆகியவற்றைச் சேமித்து வைப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் அனுமதிக்கவில்லை. ஆகவே திசுவுக்கெனத் தனிக் கட்டணம் கேட்டால் அங்கேயே மறுத்துவிடுங்கள்.

அடுத்தது பை. பிரசவ அறையில் சேகரித்த இரத்தத்திலிருந்து சிவப்பணுக்களையும் பிளாஸ்மாவையும் பெரும்பாலும் நீக்கிவிட்டு, உறைகாப்புத் திரவம் சேர்த்து, நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 டிகிரி வீதம் குளிர்வித்த பின் எஞ்சுவது உள்ளங்கைக்குள் அடங்கும் 25 மில்லி அளவுள்ள ஒரு சிறு பைதான். அதன் ஓரத்தில் விரற்கடை நீளமுள்ள குழாய்த் துண்டுகள் மூடி ஒட்டப்பட்டிருக்கும். உள்ளே இருப்பதும் அதே இரத்தம்தான். பின்னாளில் பையைத் திறக்காமலே இது இன்னாருடையதுதானா, உருக்கிய பின் செல்கள் உயிரோடு உள்ளனவா என்று சோதித்தறிய அந்தத் துண்டுகளே உதவும். அவை வைக்கப்படுகின்றனவா என்று கட்டாயம் கேளுங்கள்.

உங்கள் கைக்கு வர வேண்டிய அறிக்கையில் உட்கரு உள்ள செல்களின் மொத்த எண்ணிக்கை, சி.டி.34 செல்களின் (இரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் இந்த அடையாளத்தால் எண்ணப்படுகின்றன) எண்ணிக்கை, உயிருள்ள செல்களின் விழுக்காடு, பாக்டீரியா, பூஞ்சை வளர்ப்புச் சோதனையின் முடிவு, தாயின் இரத்தத்தில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிஃபிலிஸ் சோதனைகளின் முடிவு ஆகியவை இருக்க வேண்டும். கிருமி வளர்ப்பின் முடிவு வரப் பல நாட்களாகும் என்பதால், அதுவரை அந்தப் பையை மற்றவற்றோடு கலக்காமல் தனித் தொட்டியில் வைப்பதே முறை.

இந்தச் செல்களை நோயாளிக்குச் செலுத்தும் சிகிச்சைக்குப் பொதுவாகக் கணக்கிடப்படும் குறைந்த அளவு, அவர் எடையில் ஒரு கிலோவுக்கு உட்கரு உள்ள செல்கள் 2.5 கோடி. 60 கிலோ எடையுள்ளவருக்கு 150 கோடி வேண்டும். பல பைகளில் அவ்வளவு இருப்பதில்லை.

வெப்பநிலைப் பதிவேட்டையும் கேளுங்கள். திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரி; அதன் ஆவியில் வைத்தாலும் மைனஸ் 150க்குக் கீழேயே இருக்க வேண்டும். 2023 நவம்பரில், சிங்கப்பூரில் ஒரு தனியார் வங்கியின் 22 தொட்டிகளில் ஏழு உரிய குளிர்நிலையில் இல்லாதிருந்ததை அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் வெளியிட்டது. சேமித்த பெற்றோர் பலருக்கு அதன் பிறகுதான் விஷயமே தெரிந்தது. எச்சரிக்கை மணி ஒலித்தால் நள்ளிரவில் யார் வருவார், எத்தனை மணி நேரத்தில் எங்களுக்குச் சொல்வீர்கள் என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

செவிலியர், இரத்தநோய்ப் பிரிவு

தரம் எவ்வளவு உயர்ந்ததாயினும் பயன் வேறு கேள்வி. 1988இல் பாரிஸில் நடந்த முதல் தொப்புள்கொடி இரத்த மாற்றில் ஃபான்கோனி இரத்தசோகை என்னும் மரபணு நோய் கொண்ட சிறுவன் பெற்றது தன் தங்கையின் செல்களை, தன்னுடையவற்றை அன்று. தலசீமியா போன்ற மரபணுக் குறை உள்ள குழந்தையின் சொந்தச் செல்களிலும் அதே குறை இருக்கும். குடும்பத்தில் அத்தகைய நோயுள்ள ஒரு குழந்தை ஏற்கெனவே இருந்தால், அடுத்த குழந்தையின் இரத்தத்தைச் சேமிக்க மருத்துவர்களே சொல்வார்கள்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். பையில் அளவு கூட வேண்டும் என்பதற்காகக் கொடியை அவசரமாகக் கவ்வியிடச் சம்மதிக்காதீர்கள். குறைந்தது ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பிறந்த குழந்தைக்குத் தேவைப்படும் இரும்புச்சத்து அந்த இரத்தத்தில் இருக்கிறது.

கிருத்திகேசனின் அம்மா, ஜெயநகர்

ஆட்டிசம் குறித்து மட்டும் எழுதுகிறேன். என் மகனுக்காக ஒரு மருத்துவமனையில் மூன்று முறை பணம் கட்டி ஸ்டெம் செல் ஊசி போட்டோம். அவனிடம் மாற்றம் எதுவும் வரவில்லை. செலுத்திய செல்களின் எண்ணிக்கையோ கிருமிச் சோதனை அறிக்கையோ கேட்டும் தரவில்லை. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022இல் தெரிவித்திருப்பது எங்களுக்குப் பிறகே தெரிந்தது. ஆய்வு என்று சொன்னால் அதன் பதிவு எண்ணைக் கேளுங்கள். முறையான ஆய்வில் சேருபவரிடம் அந்தச் சிகிச்சைக்காகப் பணம் வாங்கக் கூடாது.

அல்சூர்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மருமகனோடு அமர்ந்து எல்லாவற்றையும் மின்னஞ்சலில் கேட்டோம். உரிமத்தின் நகல் உடனே வந்தது. அதில் கொடித் திசு பற்றி ஒரு சொல்லும் இல்லை. குழாய்த் துண்டுகள் பற்றியும் வெப்பநிலைப் பதிவேடு பற்றியும் பதில் இன்னும் வரவில்லை. அது வரும்வரை தவணைப் படிவத்தை நிரப்புவதில்லை என்று மகளே சொல்லிவிட்டாள்.