ஜிடிகே மென்பொருளை விண்டோஸில் எளிதாக நிறுவும்படி தர உதவி தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். லினக்ஸுக்காக சி மொழியிலும் ஜிடிகே 3 என்னும் வரைகலை இடைமுக நூலகத்திலும் நாங்கள் எழுதிய சிறிய அகராதி மென்பொருளை, விண்டோஸ் பயனர் ஒரே கோப்பைச் சொடுக்கி நிறுவிக்கொள்ளும்படி தர விரும்புகிறோம். யூனிக்ஸ் அழைப்புகளைத் தனது டிஎல்எல் (நிரல்கள் பயன்படுத்தும் விண்டோஸ் நூலகக் கோப்பு) வழியாக மாற்றித் தரும் சிக்வினை முதலில் முயன்றோம். ஆனால் விண்டோஸின் இயல்பான நிரலாகவே இருப்பது நல்லதென்று கருதி, விண்டோஸ் நிரல்களைத் தொகுக்க உதவும் எம்சிஸ்2 கருவித்தொகுப்பின் யூசிஆர்டி64 சூழலுக்கு மாறினோம்.

தொகுப்பதில் சிக்கல் இல்லை. ஒரு நிரலுக்குத் தேவையான நூலகங்களைப் பட்டியலிடும் எல்டிடி கட்டளை காட்டிய டிஎல்எல் கோப்புகள் அனைத்தையும் உடன் வைத்தும், வேறொரு கணினியில் படவுருக்கள் தோன்றவில்லை. கோப்பு திறக்கும் சாளரத்தை அழைத்த உடனே நிரல் நின்றுவிட்டது. படங்களைப் படிக்கும் கூறுகளும் தொகுக்கப்பட்ட ஜிசெட்டிங்ஸ் ஸ்கீமாவும் (நிரலின் அமைப்புகளை வரையறுக்கும் கோப்பு) நிரல் ஓடும்போதுதான் தேடப்படுகின்றன என்பதால், அவை எல்டிடியின் பட்டியலில் வருவதில்லை என்பது பிறகே புரிந்தது. (இதைக் கண்டுபிடிக்கவே இரண்டு மாலைகள் போயின.) இப்போது அவற்றைக் கையால் சேர்க்கிறோம், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் இது கட்டுப்படியாகாது. இவற்றைத் தானாகத் திரட்டி என்எஸ்ஐஎஸ் கருவியால் உருவாக்கும் நிறுவியில் சேர்க்கும் ஸ்கிரிப்டை எவரேனும் எழுதியிருந்தால் பகிர வேண்டுகிறேன்.

இன்னொன்று: விண்டோஸ் பயனர் பெயர் தமிழில் இருந்தால், அவரது கோப்புறையிலுள்ள சொற்பட்டியலை எங்கள் நிரலால் திறக்க முடிவதில்லை. விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து நிரலின் மேனிஃபெஸ்டில் (விண்டோஸுக்கு நிரலைப் பற்றிச் சொல்லும் விவரக் கோப்பு) எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று அறிவிக்கலாம். அதற்கு முந்தைய பதிப்புகளையும் தாங்க வேண்டுமெனில், கோப்பு திறக்கும் இடங்களை எல்லாம் ஜிடிகேயின் அடிப்படை நூலகமான ஜிலிப்பின் செயற்கூறுகளுக்கு மாற்றுவதுதான் வழியா? அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்கவும்.