காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆவதில்லை – 3.4 லட்சம் கி.மீ. ஓடிய டீசல் பிக்கப், உதவி தேவை

லோடுவண்டி:
வணக்கம். என்னுடையது 4 சிலிண்டர் டீசல் பிக்கப். பழைய மெக்கானிக்கல் டீசல் பம்ப் வகை, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உயர் அழுத்தத்தில் டீசல் தெளிக்கிற காமன் ரெயில் இல்லை. மீட்டர் 3,42,000 காட்டுகிறது. நடுவில் ஒரு வருடம் மீட்டர் கேபிள் அறுந்து கிடந்ததால் நிஜக் கணக்கு இன்னும் கூடத்தான் இருக்கும்.

ராத்திரி முழுக்க நின்றுவிட்டால் காலையில் 15, 20 விநாடி செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. மூன்றாவது நாலாவது தடவைதான் எடுக்கும். எடுத்ததும் ஒரு நிமிடம் தடதடவென்று மிஸ்ஸிங், வெள்ளைப் புகை, கண் எரிகிற மாதிரி டீசல் வாடை. அப்புறம் நாள் முழுக்கத் தொட்டால் ஸ்டார்ட். லோடோடு மேடு ஏறும்போது மட்டும் சில சமயம் இழுவை விட்டுப்போகிறது. பிக்கப் வண்டிக்கே பிக்கப் இல்லை என்று வீட்டில் கேலி.

இதுவரை செய்தவை: டீசல் ஃபில்டர் புதிது, வால்வ் கிளியரன்ஸ் சரிபார்த்தாயிற்று, பேட்டரி போன வருடம் மாற்றியது. ஆயிலும் குறையவில்லை, கூலன்ட்டும் குறையவில்லை. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு டீசல்கூட ஒழுகவில்லை. ஒர்க்‌ஷாப்பில் பார்த்தவர் “கம்ப்ரஷன் போச்சு, இன்ஜினை இறக்கணும்” என்கிறார். அதாவது சிலிண்டரில் காற்றை அழுத்துகிற பலம் போய்விட்டதாம். அதை அளக்கிற கேஜ் எதுவும் வைக்கவில்லை, சத்தத்தைக் கேட்டே சொல்லிவிட்டார்.

இன்னொன்று, சம்பந்தம் உண்டா தெரியவில்லை. நிறுத்துகிற இடம் சரிவு. முன்பக்கம் மேலே இருக்கும்படி நிறுத்தினால்தான் தொல்லை அதிகம். ரிவர்ஸில் ஏற்றி நிறுத்தினால் ஓரளவு பரவாயில்லை.

ஸ்பேனர் பதினேழு:
குளிர்ந்த இன்ஜினில் சிலிண்டரைச் சூடாக்குகிற ஹீட்டர் பிளக் பார்த்தீர்களா? காலையில் மட்டும் தகராறு, வெள்ளைப் புகை என்றால் முதல் சந்தேகம் அதுதான். பிளக்குகளை இணைக்கிற பட்டையைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் லேம்பின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவில் பிடித்து, மறுமுனையை ஒவ்வொரு பிளக் தலையிலும் வையுங்கள். எரிந்தால் பிளக் உயிரோடு இருக்கிறது, எரியாவிட்டால் போச்சு. நாலும் நன்றாக இருந்தால் அவற்றுக்கு மின்சாரம் விடுகிற ரிலேயைப் பாருங்கள். சாவியைத் திருப்பினதும் அந்தப் பட்டைக்குப் பேட்டரி வோல்ட் வந்தாக வேண்டும்.

எர்த் கேபிள்:
என் பெயரிலேயே பதில் இருக்கிறது :) பழைய வண்டியில் பேட்டரி புதிதாக இருக்கும், இன்ஜினுக்குப் போகிற எர்த் ஒயர் உள்ளுக்குள் பச்சை பூத்துக் கிடக்கும். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் டீசல் இன்ஜின் எடுக்காது. அதற்கு ஸ்பார்க் கிடையாதே, காற்றை அழுத்துவதில் வருகிற சூட்டை நம்பித்தான் இருக்கிறது. ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு மல்டிமீட்டரைப் பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனைகளிலேயே 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகப்படலாம்.

அவசரக்காரன்:
ஏர் ஃபில்டரைக் கழற்றி ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே ஒரு அடி அடிங்க பாஸ், பட்டென்று எடுக்கும்.

ஸ்பேனர் பதினேழு:
தயவுசெய்து வேண்டாம். ஹீட்டர் பிளக் சிவந்து கிடக்கிற இன்ஜினில் அந்த ஸ்ப்ரே, பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடிக்கும். பிஸ்டன் ரிங் உடையும், பிஸ்டனே உடைந்ததும் உண்டு. அப்புறம் நிஜமாகவே இன்ஜினை இறக்க வேண்டியதுதான்.

பழைய டீசல்:
தம்பி, எல்லோரும் நல்ல யோசனைதான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கடைசியில் போகிற போக்கில் எழுதினீர்களே, அந்தச் சரிவு விஷயம், அதை யாரும் தொடவில்லை. கம்ப்ரஷனுக்கு மேடு பள்ளம் தெரியாது. ஹீட்டர் பிளக்குக்கும் தெரியாது. டீசலுக்குத்தான் தெரியும்.

முன்பக்கம் மேலே இருந்தால் டேங்க் பம்ப்பை விட இன்னும் தாழ்ந்துபோகிறது. லைனில் எங்கேயோ காற்று புகுந்தால் ராத்திரி முழுக்க டீசல் மெல்லப் பின்னால் வழிந்து டேங்குக்கே போய்விடும். காலையில் நீங்கள் 20 விநாடி செல்ஃப் அடிப்பது அந்தக் காலி லைனை நிரப்பத்தான். ஸ்டார்ட் ஆனதும் மிஸ்ஸிங், மிச்சக் காற்று வெளியேறுகிற வரைக்கும். மேட்டில் இழுவை விடுவதும் இதே கதையாக இருக்கலாம். லோடு ஏறும்போது பம்ப் அதிகமாக உறிஞ்சும், ஓட்டை வழியாகக் காற்றும் அதிகமாக வரும்.

“ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை” என்கிறீர்கள். டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் உறிஞ்சுகிற லைன். உள்ளே அழுத்தம் வெளிக்காற்றை விடக் குறைவு. அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். தரை காய்ந்து கிடப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

நாளைக் காலையில் செல்ஃப் அடிப்பதற்கு முன்னால் ஃபில்டர் தலையில் இருக்கிற கை பம்ப்பைக் கெட்டியாகிற வரை அடியுங்கள். அப்புறம் சாவியைத் திருப்புங்கள். உடனே எடுத்தால் இன்ஜின் மேல் பழி போட முடியாது. கை பம்ப் அடித்தால் ரிங் சரியாகிவிடுமா என்ன?

லோடுவண்டி:
அண்ணா, காலையில் செய்து பார்த்தேன். கை பம்ப் முதல் முப்பது அடிக்குத் தொளதொளவென்று இருந்தது, அப்புறம்தான் இறுகியது. சாவியைத் திருப்பினேன், இரண்டு சுற்றில் எடுத்தது! மிஸ்ஸிங் கொஞ்சம் இருந்தது. ஹீட்டர் பிளக்கில் மூன்றாவது மட்டும் லேம்ப் எரியவில்லை, மற்ற மூன்றும் சரி. எர்த் 0.2 வோல்ட். இனி ஓட்டையை எங்கே தேடுவது?

பழைய டீசல்:
நல்லது. ஃபில்டரிலிருந்து பம்ப்புக்குப் போகிற ரப்பர் ஹோஸுக்குப் பதிலாக உள்ளே இருப்பது தெரிகிற டியூப் ஒன்றைத் தற்காலிகமாகப் போடுங்கள். இன்ஜின் ஓடும்போது குமிழி ஓடினால் காற்று வருவது உறுதி.

அப்புறம் டேங்கையே ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். சுத்தமான கேனில் டீசல் ஊற்றி, பம்ப்பை விட உயரமாக, சூடான பாகங்களுக்குத் தள்ளி அசையாமல் கட்டி, ஃபில்டருக்குள் வருகிற லைனை அதிலிருந்து கொடுங்கள். மிச்ச டீசல் திரும்பி வருகிற ரிட்டர்ன் லைனையும் கேனுக்கே விடுங்கள். அப்படியே ராத்திரி நிற்கட்டும். காலையில் தொட்டதும் எடுத்தால் கோளாறு பெரும்பாலும் டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில். இல்லையென்றால் ஃபில்டர் தலை, கை பம்ப்புக்குள் இருக்கிற ரப்பர் டயஃப்ரம், லைனை இணைக்கிற துளையுள்ள பேஞ்சோ போல்ட்டின் காப்பர் வாஷர் என்று முன்பக்கம் தேட வேண்டும். ஃபில்டர் மாற்றினீர்களே, பழைய ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மேலேயே ஒட்டிக்கொண்டு இரண்டாகக் கிடக்கிறதா என்றும் பாருங்கள். நானே ஒருமுறை அப்படி மாட்டி இரண்டு நாள் அலைந்திருக்கிறேன்.

இதைப் படிக்கிற காமன் ரெயில் வண்டிக்காரர்களுக்கு: பம்ப்புக்கு அப்பால் இருக்கிற பைப்புகளில் ஸ்பேனரே வைக்காதீர்கள். அங்கே 1,000 பாருக்கு மேல் அழுத்தம் வரும், பீறிடுகிற டீசல் தோலைத் துளைத்துவிடும்.

லோடுவண்டி:
நாலு நாள் கழித்து வருகிறேன். ஓ-ரிங் ஒன்றுதான், சரியாக இருக்கிறது. டியூபில் ஐந்தாறு விநாடிக்கு ஒரு குமிழி, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் நுரையாகவே வருகிறது. கேன் வைத்த மறுநாள் காலையில் முன்பக்கம் மேலே பார்த்து நின்ற வண்டி முதல் சுற்றிலேயே எடுத்தது.

டேங்க் பக்கமும் ஃபில்டர் பக்கமும் லைனைக் கழற்றி, ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் சைக்கிள் பம்ப்பால் லேசாகக் காற்று கொடுத்து, சோப்பு நுரை தடவிக்கொண்டே போனேன். சேஸிஸில் பைப்பைப் பிடிக்கிற மூன்றாவது கிளிப்பில் நுரை பொங்கியது. கிளிப்பைக் கழற்றினால் அடியில் இருந்த ரப்பர் சேறோடு சேர்ந்து கருங்கல் மாதிரி இருந்தது. பைப் மேல் துரு செதில் செதிலாக. நகத்தால் சுரண்டினேன், ஊசி முனை அளவு ஓட்டை. வெளியிலிருந்து பார்த்தால் பைப் பளிச்சென்றுதான் இருந்தது.

இப்போதைக்கு அந்த ஒரு சாண் பைப்பை வெட்டிவிட்டு ஹோஸ் போட்டு இரண்டு பக்கமும் கிளாம்ப் பிடித்திருக்கிறேன். மூன்றாவது ஹீட்டர் பிளக்கும் மாற்றியாயிற்று. இரண்டு காலையும் பிரச்சினை இல்லை, புகை கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிறது.

எர்த் கேபிள்:
ஹோஸ் டீசலுக்கு உரியதுதானே? தண்ணீர் ஹோஸ் போட்டால் சீக்கிரமே ஊறி உப்பிவிடும்.

லோடுவண்டி:
டீசல் ஹோஸ்தான். முழு பைப்பும் ஆர்டர் செய்துவிட்டேன், வந்ததும் மாற்றுகிறேன். மற்ற கிளிப்புகளையும் கழற்றிப் பார்த்தேன். இன்னும் இரண்டில் துரு ஆரம்பித்திருக்கிறது.

பழைய டீசல்:
புது பைப் மாட்டும்போது பிரேக் பைப்பையும் பார்த்துவிடுங்கள் தம்பி. அதே கிளிப் வரிசையில்தான் போகும்.