தேயிலைக் கொசுவின் வயிற்றில் எந்தச் செடி? டி.என்.ஏ. வழியாக மாற்று உணவுச்செடி கண்டறிவது எப்படி?

மலைச்சாரல் கேட்டது:

வணக்கம். வால்பாறைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் ஹெலோபெல்டிஸ் தெய்வோரா என்ற தேயிலைக் கொசுவை ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். கவாத்து முடிந்து, மருந்தும் அடித்த பிறகு, ஓடை ஓரமாக இருக்கும் வரிசைகளில்தான் பூச்சி முதலில் திரும்புகிறது. அங்கே மிக்கானியா கொடி, உண்ணிச்செடி, காட்டோரக் கொய்யா எல்லாம் மண்டிக் கிடக்கின்றன. இடைப்பட்ட காலத்தில் பூச்சி இவற்றில் எதை உண்டு பிழைக்கிறது என்பதை அதன் குடலிலுள்ள தாவர டி.என்.ஏ.வைக் கொண்டு காட்ட வேண்டும்.

திட்டம் இது: வீச்சு வலையால் பிடித்து, ஒரு வரிசைக்கு ஒரு எத்தனால் புட்டியில் போடுவது, கிட் வைத்து முழுப் பூச்சியிலிருந்தும் டி.என்.ஏ. எடுப்பது, ஆர்.பி.சி.எல். என்ற பசுங்கணிக மரபணுப் பகுதியைப் பெருக்கி, ஒரு நேரத்தில் ஒரே டி.என்.ஏ.வைப் படிக்கும் சாங்கர் முறையில் வரிசை படிப்பது.

எனக்குள்ள சந்தேகங்கள்: இது சாறு உறிஞ்சும் பூச்சி, இலையை மென்று தின்பதில்லை. வயிற்றில் தாவர டி.என்.ஏ. இருக்குமா? முழுப் பூச்சியா, குடல் மட்டுமா? தின்ற எத்தனை மணி நேரத்துக்குள் பிடிக்க வேண்டும்?

இலைவண்டு எழுதியது:

முதல் சந்தேகத்துக்குக் கவலையே வேண்டாம். தேயிலைக் கொசு, செடியில் சர்க்கரையைக் கடத்தும் சல்லடைக் குழாயில் ஊசி வைத்து இனிப்புச் சாற்றை மட்டும் எடுக்கும் பூச்சி அல்ல. உமிழ்நீரைச் செலுத்தி, அதிலுள்ள நொதியால் செல்சுவரைக் கரைத்து, குழம்பான செல் உள்ளடக்கத்தை உறிஞ்சுகிறது. கொழுந்தில் தெரியும் பழுப்புப் புள்ளி ஒவ்வொன்றும் அப்படிக் கரைந்த இடம்தான். பசுங்கணிகங்களும் அதோடு உள்ளே போகின்றன. முதிர்ந்த சல்லடைக் குழாய்ச் செல்லில் உட்கருவே கிடையாது என்றாலும், அதிலிருந்து உறிஞ்சும் பூச்சிகளின் வயிற்றிலும் தாவர டி.என்.ஏ. கிடைக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உருளைக்கிழங்கு சில்லிடுப் பூச்சியின் குடலில் தாவர டி.என்.ஏ.வைப் படித்து, அது வயலுக்கு வருமுன் எந்தச் செடிகளில் இருந்தது என்று ஆராய்ந்திருக்கிறார்கள். ‘ஜீப்ரா சிப்’ நோயைப் பரப்பும் பூச்சி அது. அதனால் அங்கேயும் கேள்வி உங்களுடையதுதான்: வயலில் பிடிபட்ட பூச்சி எந்தக் களையிலிருந்து வந்தது?

உங்கள் திட்டத்தில் நான் உடனே மாற்றச் சொல்வது பிடிக்கும் முறையை. வீச்சு வலையில் கிழிந்த இலை, மகரந்தம், மற்றப் பூச்சிகளின் எச்சம் எல்லாம் சேர்ந்து விழும். அதே பூச்சிகளை ஒரே புட்டியில் போட்டால், எத்தனால் பட்டதும் சில பூச்சிகள் கக்கும், கழியும். ஒன்றின் வயிற்றில் இருந்தது எல்லாவற்றின் மேலும் படியும். பிறகு எந்த இயந்திரத்தில் கொடுத்துப் படித்தாலும் அதைப் பிரிக்க முடியாது. பம்பு வைத்த உறிஞ்சு குழாயால் ஒவ்வொன்றாகப் பிடியுங்கள். ஒரு பூச்சிக்கு ஒரு 2 மி.லி. திருகுமூடிக் குழாய், அதில் 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனால். பூச்சி விழுந்த நொடியே குழாய் பனிக்கட்டிப் பெட்டிக்குள் போகட்டும், மாலையில் மைனஸ் 20 டிகிரிக்கு. உயிரோடு டப்பாவில் வைத்து ஆய்வகம் கொண்டுபோனால் வழியெல்லாம் செரித்துக்கொண்டே வரும்.

இன்னொன்று, இளம்பூச்சிகளைத் தனியாகச் சேகரியுங்கள். இறக்கை இல்லாததால் அவை அதிக தூரம் போவதில்லை. மிக்கானியாவில் பிடித்த இளம்பூச்சியின் வயிற்றில் மிக்கானியா இருந்தால் அது அங்கேயே வளர்கிறது என்பதற்கு வலுவான சான்று. வளர்ந்த பூச்சியின் வயிற்றில் இருந்தால், அது அந்தச் செடியில் வாய் வைத்தது என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. முட்டையையும் தேடுங்கள். இளந்தண்டுக்குள் புதைந்திருக்கும், நீளம் வேறுபட்ட இரண்டு மெல்லிய இழைகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கைலென்சில் நன்றாகத் தெரியும்.

நுண்குழாய் எழுதியது:

ஆய்வக வேலையைப் பற்றி.

மேற்பரப்பைக் கழுவாமல் குழாயைத் திறந்து அரைக்கவே கூடாது. கடையில் கிடைக்கும் ப்ளீச்சில் பொதுவாக 4 முதல் 5 சதவீதம் ஹைப்போகுளோரைட் இருக்கும். அதை 1 சதவீதமாகக் கரைத்து, பூச்சியை 30 முதல் 60 நொடி அமிழ்த்தி, தூய நீரில் மூன்று முறை அலசுங்கள். இந்த நேரம் உங்கள் பூச்சிக்குச் சரிதானா என்பதையும் சோதிக்க வேண்டும்: அது தொடாத ஒரு செடியின் இலைச்சாற்றைச் சில பூச்சிகள் மேல் தடவி, பாதியைக் கழுவியும் பாதியைக் கழுவாமலும் பிசிஆர் (டி.என்.ஏ. பகுதியைப் பெருக்கும் முறை) செய்யுங்கள். கழுவியதில் ஜெல்லில் தெரியும் டி.என்.ஏ. பட்டை மறைந்து கழுவாததில் நின்றால் முறை வேலை செய்கிறது. நேரத்தை மிகவும் கூட்டினால் ப்ளீச் உடலுக்குள் புகுந்து குடலில் உள்ளதையும் அழித்துவிடும்.

குடலா, முழுப் பூச்சியா? 6 முதல் 8 மி.மீ. நீளப் பூச்சி என்பதால் குடலைப் பிரிக்கலாம், பிரித்தால் பூச்சியின் டி.என்.ஏ. குறையும். ஆனால் எத்தனாலில் இறுகிய மெல்லிய குடல் எளிதில் கிழியும்; ஒவ்வொரு பூச்சிக்கும் ஊசியையும் தட்டையும் மாற்ற வேண்டும். நூற்றுக்கணக்கில் செய்வதாக இருந்தால் தலையும் கால்களும் இறக்கைகளும் நீக்கிய உடலையே அரைப்பது நல்லது. ஒரு காலை மட்டும் தனியே எடுத்து வையுங்கள், பூச்சியின் இனத்தை உறுதிசெய்ய உதவும்.

தேயிலையில் பாலிபீனால் அதிகம், அது டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு பிசிஆரைத் தடுக்கும். வெறும் கிட்டில் நிறம் ஏறிய கரைசல் வந்தால் சிடிஏபி என்ற சவர்க்காரப் பொருளால் பிரிக்கும் முறைக்கு மாறுங்கள்: சிடிஏபி 2 சதவீதம், உப்பு 1.4 மோலார், ஈடிடிஏ 20 மில்லி மோலார், டிரிஸ் 100 மில்லி மோலார் (பிஎச் 8), பிவிபி 1 முதல் 2 சதவீதம், பயன்படுத்தும்போது 0.2 சதவீதம் பீட்டா மெர்காப்டோ எத்தனால். 65 டிகிரியில் 45 நிமிடம். பிறகு 24:1 குளோரோஃபார்ம்–ஐசோஅமைல் ஆல்கஹால், குளிர்ந்த ஐசோபுரொப்பனால், 70 சதவீத எத்தனால், கடைசியில் 50 மைக்ரோ லிட்டரில் கரைப்பது. நானோடிராப் என்ற அளவுமானி காட்டும் டி.என்.ஏ. அளவை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். அதில் பெரும்பகுதி பூச்சியின் டி.என்.ஏ.

பிசிஆர் 20 மைக்ரோ லிட்டர் போதும்: பிரித்தெடுத்த டி.என்.ஏ. சாறு 2 மைக்ரோ லிட்டர், பிஎஸ்ஏ (தடைப்பொருளைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) ஒரு மைக்ரோ லிட்டருக்கு 0.4 மைக்ரோ கிராம் என்ற அளவில். பட்டை வராவிட்டால் முதலில் சாற்றைப் பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள். நீர்த்ததும் பட்டை வந்தால், தடைப்பொருள்தான் காரணம்.

ஆர்.பி.சி.எல். பற்றி: தாவரப் பார்கோடின் (இனத்தை அடையாளம் காட்டும் டி.என்.ஏ. பகுதி) வழக்கமான துண்டு சுமார் 550 முதல் 600 எழுத்து (டி.என்.ஏ. அலகு) நீளம். பச்சை இலையில் அருமையாக வரும். செரிமானத்தில் துண்டான டி.என்.ஏ.வில் அந்த நீளத்தை எதிர்பார்க்காதீர்கள். பசுங்கணிக டி.என்.ஏ.விலேயே உள்ள டிஆர்என்எல் இன்ட்ரானின் பி6 வளையம் என்ற குட்டிப் பகுதி 10 முதல் 143 எழுத்துதான். அதற்கான ‘ஜி’, ‘எச்’ பிரைமர்களை (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் குட்டி டி.என்.ஏ. துண்டுகள்) 2007-இல் தபெர்லே குழுவினர் வெளியிட்டார்கள். சிதைந்த மாதிரியிலும் வரும். குறை, இனம் வரை போகாமல் பேரினத்திலோ குடும்பத்திலோ நின்றுவிடுவது. உங்கள் தோட்டத்தில் மிக்கானியா, குரோமோலீனா, அஜெரேட்டம் மூன்றும் இருக்கும். மூன்றும் சூரியகாந்திக் குடும்பத்தின் ஒரே கிளை. பி6 மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்கலாம் என்று எண்ண வேண்டாம். உட்கரு டி.என்.ஏ.விலுள்ள ஐடிஎஸ்2 பகுதி இன்னும் நன்றாகப் பிரிக்கும், ஆனால் பூஞ்சையையும் சேர்த்துப் பெருக்க வாய்ப்புண்டு.

சாங்கர் இங்கே பொருந்தாது. பொதுப் பிரைமரில் தேயிலையும் மிக்கானியாவும் கலந்து பெருகினால் வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிகரங்கள் வரும், படிக்க முடியாது.

மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நீங்கள் தேடும் செடிகளில் ஒன்று எல்லா ஆய்வகத்திலும் தினம் இரண்டு வேளை கொதிக்கிறது. காய்ந்து பொடியான தேயிலையிலிருந்தும் பார்கோடு எடுக்க முடியும் என்பதை 2011-இல் நியூயார்க் பள்ளி மாணவர்கள் கலந்துகொண்ட ஓர் ஆய்வு கடைத் தேயிலைப் பொட்டலங்களை வைத்தே காட்டியது. ஆகவே பிசிஆர் அமைக்கும் அறைக்குள் தேநீர் குடித்த கோப்பை, அதே சட்டை, அதே கை எதுவும் வரக் கூடாது. ஒவ்வொரு 10 அல்லது 12 மாதிரிக்கும் பூச்சி இல்லாத ஒரு வெற்றுப் பிரிப்பு, ஒவ்வொரு தட்டிலும் வெற்று பிசிஆர்.

மலைச்சாரல்:

மிக்க நன்றி. இரண்டு கேள்விகள். பி6 பிரைமரில் 40 சுற்று ஓட்டினால் வெற்றுக் குழாயிலும் லேசான பட்டை தெரிகிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வது? சாங்கருக்குப் பதிலாக, கலந்த டி.என்.ஏ.வை மொத்தமாகப் படிக்கும் பெரிய வரிசைப்படிப்புக்கு நிதி குறைவு; ஜெல் மட்டும் வைத்து இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வழி உண்டா?

காட்டுக்கொடி எழுதியது:

உண்டு. என் கருத்தில் அதுதான் முதலில் செய்ய வேண்டியது. உங்களுக்கு “என்னவெல்லாம் தின்கிறது” என்ற கேள்வி இல்லை. “மிக்கானியாவிலிருந்து வருகிறதா” என்பதுதான் கேள்வி. தேயிலையில் பிடித்த பூச்சியில் தேயிலை இருப்பதில் செய்தி இல்லை. மிக்கானியாவுக்கு மட்டும் பெருகும் பிரைமர் ஒன்று போதும்.

தோட்டத்திலுள்ள மிக்கானியா, அதன் உறவுச் செடிகள், தேயிலை, உண்ணிச்செடி, கொய்யா, நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் எல்லாவற்றின் இலையிலிருந்தும் ஐடிஎஸ் பகுதியைச் சாங்கரில் படியுங்கள். இலைக்கு அது சரியான முறை. வரிசைகளை அடுக்கிப் பார்த்து, மிக்கானியாவில் மட்டும் வேறுபடும் எழுத்துகள் பிரைமரின் 3′ முனையில் (புது எழுத்துகள் சேரும் கடைசி முனை) வருமாறு வடிவமையுங்கள். கடைசி எழுத்தும் அதற்கு முந்தையதும் வேறுபட்டால் நல்லது. பெருகும் துண்டு 150 முதல் 250 எழுத்து. 54 முதல் 64 டிகிரி வரை வெப்பச் சாய்வு ஓட்டி, மற்ற எல்லா இலை டி.என்.ஏ.விலும் பட்டை வராத வெப்பநிலையைத் தேர்ந்தெடுங்கள். மிக்கானியா டி.என்.ஏ.வைப் பத்துப் பத்து மடங்காக நீர்த்து, பட்டினி போட்ட பூச்சியின் சாற்றில் கலந்து, எந்த அளவு வரை தெரிகிறது என்றும் பாருங்கள். வெறும் நீரில் தெரிவது பூச்சிச் சாற்றில் தெரியாமல் போகலாம்.

அடுத்தது நேரக் கணக்கு. இதற்கு வேறு பூச்சியின் எண்ணைக் கடன் வாங்க முடியாது. வெப்பநிலை, துண்டின் நீளம், அடுத்து என்ன தின்றது என்பதைப் பொறுத்து மாறும். 24 மணி நேரம் மிக்கானியாவில் விட்ட பூச்சிகளைத் தேயிலைக்கு மாற்றுங்கள். 0, 4, 8, 12, 24, 48, 72 மணியில் 10 பூச்சிகள் வீதம் எத்தனாலில் போடுங்கள். பட்டினி போடாதீர்கள், வயலில் அது பட்டினி கிடப்பதில்லை; உணவு தொடர்ந்து உள்ளே போனால் பழையது வேகமாக வெளியேறும். லாஜிஸ்டிக் வளைவு பொருத்தினால் பாதிப் பூச்சிகளில் பட்டை மறையும் நேரம் கிடைக்கும். கொய்யாவுக்கு வேறு பிரைமர் என்றால் அதற்கும் இதே சோதனை வேண்டும். இல்லாமல் “மிக்கானியாவில் இத்தனை சதவீதம், கொய்யாவில் இத்தனை” என்று ஒப்பிடுவது தவறு. வித்தியாசம் பூச்சியின் விருப்பமா, பிரைமரின் கூர்மையா என்று தெரியாது.

ஒவ்வொரு சாற்றிலும் பூச்சியின் இனத்தைக் காட்டும் சிஓ1 மரபணுப் பகுதியையும் பெருக்குங்கள். 658 எழுத்துத் துண்டு வந்தால் சாறு நன்றாக இருக்கிறது. அது வராத மாதிரியை “மிக்கானியா இல்லை” என்ற கணக்கில் சேர்க்கக் கூடாது, விலக்கிவிட வேண்டும்.

நுண்குழாய்:

வெற்றுக் குழாய்ப் பட்டை பற்றி: பி6 துண்டும் பிரைமர்கள் தம்மோடு தாமே ஒட்டிய துண்டும் ஜெல்லில் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். 3 சதவீத அகரோஸில் ஓட்டினாலும் சந்தேகம் இருந்தால் அதை வரிசை படியுங்கள். தாவரமாக இருந்தால், என்ன தாவரம் என்பதே வந்த வழியைச் சொல்லும். நெல், கோதுமை, தக்காளி என்றால் சாப்பாடு. பருத்தி என்றால் துடைக்கும் துணி. பிறகு நீர், பிஎஸ்ஏ, பிரைமர் என்று ஒவ்வொன்றாகப் புதுசு மாற்றிப் பாருங்கள். புற ஊதா விளக்கை மட்டும் நம்ப வேண்டாம், இவ்வளவு குட்டித் துண்டுகளை அது சரியாக அழிக்காது. சுற்றை 35 ஆகக் குறைத்தாலே பல நேரம் தெளிந்துவிடும்.

பின்னால் நிதி கிடைத்து மொத்தமாகப் படித்தால்: ஒரு மாதிரிக்கு மூன்று தனித்தனி பிசிஆர், இரண்டிலாவது வந்ததை மட்டும் ஏற்பது. துண்டின் இரு முனையிலும் எந்த மாதிரி என்று காட்டும் தனித்துவமான குறியீடு இல்லாவிட்டால் வாசிப்புகள் ஒரு மாதிரியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். வாசிப்பு எண்ணிக்கையைத் தின்ற அளவாகப் படிக்காதீர்கள். எத்தனை பூச்சிகளில் இருந்தது என்று மட்டும் எண்ணுங்கள்.

சான்றுத்தாள் எழுதியது:

ஒப்பிடும் நூலகத்தைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. பொதுத் தரவுத்தளத்தில் உங்கள் ஓடையோரச் செடி இல்லாவிட்டால், கணினி இருப்பதில் நெருங்கிய ஒன்றின் பெயரைக் கொடுத்துவிடும். 99 சதவீதப் பொருத்தம் என்று வரும், ஆனால் அந்தச் செடி வால்பாறையிலேயே இருக்காது. தோட்ட எல்லையில் உள்ள செடி ஒவ்வொன்றிலும் இலையைச் சிலிக்கா ஜெல்லில் காயவைத்து, கூடவே பூவோடு கூடிய கிளையை அழுத்தி உலர்தாவரத் தாளாக்குங்கள். பெயரை உறுதிசெய்ய, கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்திலுள்ள மெட்ராஸ் உலர்தாவரகம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

பூச்சியின் பெயரையும் அப்படியே சோதியுங்கள். தென்னிந்தியாவில் தெய்வோரா, அன்டோனி, பிராடி என மூன்று ஹெலோபெல்டிஸ் இனங்கள் இருக்கின்றன. கொய்யாவில் இருப்பது ஒன்றும் தேயிலையில் இருப்பது வேறொன்றுமாக இருந்தால், “ஒரே பூச்சி பல செடி தின்கிறது” என்ற முடிவே சரிந்துவிடும். கோஸ்டா ரிக்காவின் குவானகாஸ்டே காட்டில், அஸ்ட்ராப்டெஸ் ஃபுல்ஜெரேட்டர் என்று ஒரே பெயரில் அழைத்த பட்டாம்பூச்சிக்குள் பத்து இனங்கள் இருப்பதாக ஹெபெர்ட், ஜான்சன் குழுவினர் 2004-இல் எழுதினார்கள். பார்கோடும், புழுக்களின் நிறமும், அவை தின்ற செடியும் சேர்ந்துதான் அதைக் காட்டின. நுண்குழாய் எடுத்து வைக்கச் சொன்ன அந்த ஒரு கால் இதற்குத்தான்.

ஓடையோரம் காட்டு எல்லைக்குள் வருமானால் வனத்துறை அனுமதி இல்லாமல் இலைகூட எடுக்காதீர்கள். மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், முன்கூட்டியே சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் பார்த்துவிடுங்கள். உள்நாட்டிலேயே படிக்க முடிந்தால் அதுவே எளிது.